கல்யாண மண்டபத்தில் எக்ஸ்டர்னல் ஃபிளாஷ்: ஆள் மேல் அடிக்காமல் எடுப்பது எப்படி

ஃபிளாஷைக் கேமரா மேல் மாட்டி, அதன் தலையை நேராக மாப்பிள்ளை முகத்துக்கு நீட்டி, டிடிஎல்லில் (ஃபிளாஷ் பவரைக் கேமராவே முடிவு செய்யும் முறை) விட்டு அடித்தால் என்ன கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நெற்றியும் மூக்கு நுனியும் வெள்ளையாக மினுங்கும், காதுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாக ஒரு நிழல் ஒட்டியிருக்கும், அவ்வளவு செலவு செய்து கட்டிய மேடை அலங்காரம் இருட்டுக்குள் போயிருக்கும். இதைப் பார்த்துவிட்டுத்தான் பல பேர் "எனக்கு நேச்சுரல் லைட்தான் பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டு, வாங்கிய ஃபிளாஷைப் பையிலேயே வைத்துவிட்டு ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் வெளிச்ச உணர்திறனை, 12800க்கு ஏற்றி எடுக்கிறார்கள்.

அந்தக் கருவியை அப்படி ஒதுக்கத் தேவையே இல்லை. தலையை ஆளிடமிருந்து திருப்பி, பக்கத்தில் இருக்கிற சுவரிலோ கூரையிலோ அடித்தால் (இதற்குப் பெயர் பவுன்ஸ்) போதும், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். காரணம் எளிதானது. ஆளுக்கு வெளிச்சம் எவ்வளவு பெரிய பரப்பிலிருந்து வருகிறதோ அவ்வளவு மென்மையாக நிழல் விழும். ஃபிளாஷ் தலையின் கண்ணாடி ஏழெட்டு சென்டிமீட்டர் அகலம், அவ்வளவுதான். அதே வெளிச்சம் ஒரு வெள்ளைச் சுவரில் இரண்டு மீட்டர் அகலத்துக்குப் பரவித் திரும்பி வந்தால், ஆளைப் பொறுத்தவரை அந்த இரண்டு மீட்டர் சுவர்தான் விளக்கு. மண்டபத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது மேடையை அல்ல, சுவரும் கூரையும் என்ன நிறம், எவ்வளவு உயரம் என்பதைத்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

எந்த பிராண்ட் நல்லது என்கிற விவாதத்துக்குள் நான் போகவில்லை. கேமரா கம்பெனியின் சொந்த ஃபிளாஷ் விலை அதிகம், கோடாக்ஸ் மாதிரியானவை நம் ஊர் கல்யாணங்களில் எங்கும் இருக்கின்றன, வேலை நடக்கிறது. கோடாக்ஸ் டிடி600ல் மேனுவல், அதாவது பவரை நாமே வைப்பது, மட்டும்தான். டிடி685ல் டிடிஎல் உண்டு, சாதாரண டபுள் ஏ செல் நான்கு போட வேண்டும். வி860 வரிசையில் லித்தியம் பேட்டரி வருகிறது. டிடிஎல் உள்ள மாடல்கள் கேனானுக்கு, நிக்கானுக்கு, சோனிக்கு என்று தனித்தனியாக வரும். மாற்றி வாங்கிவிட்டால் டிடிஎல், ஹெச்எஸ்எஸ் (வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷ் அடிக்கும் வசதி) எதுவும் வேலை செய்யாது. சோனி ஹாட் ஷூவின், அதாவது கேமரா மேல் ஃபிளாஷ் மாட்டும் இடத்தின், அமைப்பே வேறு என்பதால் அதில் இன்னும் கவனம் வேண்டும்.

கேனானில் ஒரு விசேஷச் சிக்கல் இருக்கிறது. 1500டி, 3000டி, 200டி இரண்டாம் பதிப்பு போன்ற ஆரம்ப நிலை பாடிகளில் ஹாட் ஷூவின் நடுவே இருக்க வேண்டிய பெரிய வட்டப் புள்ளியையே எடுத்துவிட்டார்கள். அந்தப் புள்ளி வழியாகத்தான் மற்ற கம்பெனி ஃபிளாஷ்களும் சாதா டிரிகர்களும் (ஃபிளாஷைத் தூரத்திலிருந்து அடிக்கவைக்கும் கருவி) "இப்போது அடி" என்ற சிக்னலை வாங்குகின்றன. அது இல்லாத பாடியில் பல ஃபிளாஷ்கள் மாட்டிக்கொள்ளும், ஆனால் அடிக்காது. ஆகவே உங்கள் பாடியைக் கையோடு எடுத்துப் போய், கடையிலேயே மாட்டி, நாலு படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

அப்புறம் பழைய ஃபிளாஷ். அப்பாவோ மாமாவோ ஃபிலிம் காலத்தில் வைத்திருந்தது பீரோவில் கிடக்கும், "இதுவும் ஃபிளாஷ்தானே" என்று தோன்றும். 1970களின் சில மாடல்களில், விவிடார் 283ன் முதல் தயாரிப்புகள் போன்றவற்றில், டிரிகர் வோல்டேஜ் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். இன்றைய டிஜிட்டல் பாடியின் சர்க்யூட் அதைத் தாங்கும் என்று நம்பி மாட்ட வேண்டாம். கழற்றிப் பார்க்கவும் வேண்டாம், எந்த ஃபிளாஷையும். உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும், செல்லை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

தலை மேலும் கீழும் சாய்வதோடு பக்கவாட்டிலும் சுற்ற வேண்டும். மேலே மட்டும் தூக்குகிற சின்ன ஃபிளாஷை வாங்கினால், கேமராவை நட்டுக்குத்தலாகப் பிடித்த உடனே அது பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும், வேறு வழி இருக்காது.

பெட்டியில் போட்டிருக்கும் கைடு நம்பரைப் பார்த்தும் மயங்க வேண்டாம். கைடு நம்பரை எஃப் எண்ணால், அதாவது அப்பர்ச்சர் எனும் லென்ஸ் துளையின் அளவைச் சொல்லும் எண்ணால், வகுத்தால் ஐஎஸ்ஓ 100ல் எத்தனை மீட்டர் வரை எட்டும் என்று வரும். ஆனால் பெட்டியில் போடுகிற 60 என்பது ஃபிளாஷ் தலையை 200 எம்எம்முக்கு ஜூம் செய்து, வெளிச்சத்தைக் குறுக்கி அளந்தது. அதே வகை ஃபிளாஷில் 35 எம்எம்மில் ஏறக்குறைய 36தான் வரும். நிக்கான் எஸ்பி 700க்கு 28 என்று போட்டிருப்பார்கள், அது 35 எம்எம்மில் அளந்த கணக்கு. 60ஐயும் 28ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு "இது பாதிகூட இல்லையே" என்று முடிவு செய்தால் கணக்குத் தப்பாகிவிடும்.

ஒரே படத்தில் இரண்டு எக்ஸ்போஷர்

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். ஃபிளாஷ் போட்டு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் இரண்டு வெளிச்சம் பதிவாகிறது: மண்டபத்தில் ஏற்கெனவே இருக்கிற வெளிச்சம், ஃபிளாஷ் தருகிற வெளிச்சம். ஃபிளாஷ் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குக்குத்தான் எரிகிறது, ஷட்டர் 1/60 திறந்திருந்தாலும் 1/200 திறந்திருந்தாலும் அதற்கு ஒன்றுதான். மண்டபத்து விளக்குகளோ தொடர்ந்து எரிகின்றன, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவும் சேரும். ஆக, ஷட்டர் ஸ்பீடு பின்னணிக்கான திருகு, ஃபிளாஷ் பவர் முகத்துக்கான திருகு. அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும் இரண்டையும் சேர்த்து ஏற்றும், சேர்த்து இறக்கும்.

மண்டபத்தில் நான் தொடங்குவது இப்படி: கேமரா மேனுவல் மோடில், 1/125, எஃப் 4, ஐஎஸ்ஓ 800. ஃபிளாஷை ஆஃப் செய்துவிட்டு ஒரு படம். அதில் மேடை அலங்காரமும் விளக்குகளும் தெரிய வேண்டும், ஆனால் மொத்தப் படமும் ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் இருட்டாக இருக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). ரொம்ப இருட்டென்றால் ஷட்டரை 1/60க்கு இறக்கலாம், அல்லது ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றலாம். பின்னணி சரியாக வந்தபிறகு ஃபிளாஷை ஆன் செய்து, தலையைத் திருப்பி, இரண்டாவது படம். இப்போது முகம் மட்டும் எழுந்து வரும், மேடையும் கூடவே இருக்கும்.

ஐஎஸ்ஓவை 100லேயே வைத்துக்கொண்டு ஃபிளாஷை முழு பவரில் விரட்டுவது, நான் பார்த்தவரை, பவுன்ஸ் செய்கிறவர்களின் மிகப் பெரிய சிரமம். கூரைக்குப் போய்த் திரும்பி வரும்போது வழியிலேயே இரண்டு முதல் மூன்று ஸ்டாப் வெளிச்சம் போய்விடும். ஐஎஸ்ஓ 100ல் முழு பவர் கேட்கிற அதே படம் ஐஎஸ்ஓ 800ல் 1/8 பவரில் முடிந்துவிடும். 1/8 என்றால் ஃபிளாஷ் உடனடியாக அடுத்த படத்துக்குத் தயாராகும், செல் நாள் முழுக்கத் தாங்கும், தலை சூடாகாது. இன்றைய கேமராக்களில் ஐஎஸ்ஓ 800, 1600 என்பதெல்லாம் பயப்பட வேண்டிய எண்ணே இல்லை, அதுவும் வெளிச்சம் சரியாக விழுந்த படத்தில் நாய்ஸ் (படத்தில் விழும் பொடிப் புள்ளிகள்) கண்ணுக்கே தெரியாது.

ஷட்டரை ஏற்றுவதற்கு ஓர் எல்லை இருக்கிறது. கேமராவுக்குள் இரண்டு திரைகள், முதல் திரை திறக்கும், இரண்டாவது திரை மூடும். 1/200 அல்லது 1/250 வரை சென்சார் முழுக்க ஒரே நேரத்தில் திறந்திருக்கிற ஒரு கணம் உண்டு, ஃபிளாஷ் அந்தக் கணத்தில் அடிக்கும். அதற்கு மேல் போனால் முதல் திரை போய்ச் சேருவதற்கு முன்பே இரண்டாவது கிளம்பிவிடும், படத்தில் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். உங்கள் பாடியின் எல்லை என்ன என்று அதன் கையேட்டில் பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாப் பாடியிலும் 1/250 கிடையாது.

எந்தப் பக்கம் திருப்புவது

"பவுன்ஸ் என்றால் மேலே அடிப்பது" என்று நினைத்துத் தலையை நேர் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். ஆள் பக்கத்தில் நின்றால் வெளிச்சம் உச்சந்தலையில்தான் கொட்டும், கண்குழி இரண்டும் இருண்டுவிடும். வெளிச்சம் கண்ணுக்குள் போக வேண்டுமென்றால் அது முன்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ சாய்வாக வர வேண்டும். ஃபிளாஷ் தலையை உங்கள் தோளுக்குப் பின்னால், மேலே சாய்த்து அடித்துப் பாருங்கள். உங்களுக்குப் பின்னால் இருக்கும் கூரையும் சுவரும் சேர்ந்து பெரிய விளக்காகிவிடும். பக்கச் சுவர் கிடைத்தால் இன்னும் நல்லது. மணப்பெண் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியிருக்கிறாரோ அந்தப் பக்கத்துச் சுவரில் அடியுங்கள், வெளிச்சம் முகத்தின் முன்பக்கமாக வரும், உங்களுக்குத் தெரிகிற கன்னத்தில் லேசான நிழல் விழும், முகத்துக்கு ஓர் உருவம் கிடைக்கும்.

இதில் ஒரு தொந்தரவு, பக்கமாகத் திருப்பும்போது கொஞ்சம் வெளிச்சம் நேராகவும் ஆள் மேல் கசியும், அது பவுன்ஸின் அழகைக் கெடுக்கும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற கறுப்பு ஃபோம் ஷீட்டை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ரப்பர் பேண்ட் போட்டுத் தலையின் ஆள் பக்கத்தில் கட்டிவிட்டால் கசிவு நின்றுவிடும். பின்னால் அடிக்கும்போது முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தாத்தா கண்ணில் நேராக அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவர் எழுந்து வந்து கேட்பார், நியாயமாகவும் இருக்கும்.

வெள்ளை பிளாஸ்டிக் டோம் டிஃபியூசர் பற்றி ஒரு வார்த்தை. அது வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும், அவ்வளவுதான். சின்ன அறையில் சிதறியது சுவரில் பட்டுத் திரும்பும், பலன் உண்டு. திறந்தவெளியில் பட்டுத் திரும்ப எதுவும் இல்லை. அங்கே டோம் போட்டுக்கொண்டு எடுப்பது பேட்டரியை வீணடிப்பது மட்டுமே.

சரி, கூரை வெள்ளையாக இல்லாவிட்டால்? நம் ஊரில் இதுதான் நிஜக் கேள்வி. வீட்டு வாசலில் போடும் பந்தல் துணி பச்சை, ரோஸ், மஞ்சள் என்று பட்டை பட்டையாக இருக்கும், பச்சைத் துணியில் அடித்தால் மணப்பெண் முகம் பச்சையாகவே வரும், அதை எந்த சாஃப்ட்வேரிலும் முழுதாக எடுக்க முடியாது. தேக்கு நிறப் பலகை அடித்த கூரை முகத்தை ஆரஞ்சாக்கும். இந்த இடங்களில் பழைய ஸ்டுடியோக்காரர்களின் வழிதான் கைகொடுக்கும்: ஒரு பெரிய தெர்மாகோல் ஷீட், அதைப் பிடிக்க ஒரு பையன். ஷீட்டை ஆளுக்கு ஒன்றரை மீட்டர் பக்கத்தில் சாய்வாகப் பிடிக்கச் சொல்லி அதில் அடித்தால் வெள்ளைச் சுவர் கையோடு வந்துவிட்ட மாதிரிதான். பந்தலில் வேறு எதைவிடவும் இது மலிவு.

உயரமான ஹாலில், கூரை இருபது அடிக்கு மேல் இருந்தால், ஃபிளாஷின் ஜூமைக் கையால் 105 எம்எம்மில் வையுங்கள். தலையைத் திருப்பினால் பல ஃபிளாஷ்கள் ஜூமைத் தாமாகவே 50க்குக் கொண்டுபோய்விடும், வெளிச்சம் பாதி வழியிலேயே அகலமாகப் பரவி பலவீனமாகும். குறுக்கி அனுப்பினால் கூரை வரை போய்ச் சேரும். ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200 தேவைப்படலாம். அப்போதும் போதவில்லையென்றால் கூரையை மறந்துவிட்டு, ஃபிளாஷைக் கேமராவிலிருந்து இறக்கி ஸ்டாண்டில் வைக்க வேண்டியதுதான், அதற்குக் கீழே வருகிறேன்.

டிடிஎல் எப்போது, மேனுவல் எப்போது

டிடிஎல்லில் கேமரா முதலில் சின்னதாக ஒரு முன்வெளிச்சம் அடித்து, எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்து, பவரை முடிவு செய்துவிட்டு நிஜமாக அடிக்கிறது. நாம் கண்ணால் பார்க்கும்போது இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் கேமராவுக்கு முன்னால் நிற்பது வெள்ளை வேட்டியா கறுப்புக் கோட்டா என்று அதற்குத் தெரியாது, எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். படம் நிறைய வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை என்று இருந்தால் பவரைக் குறைத்துவிடும், முகங்கள் கறுத்துப்போகும். அங்கே ஃபிளாஷ் காம்பன்சேஷனை (கேமரா கணக்கிட்ட பவரை நாம் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) பிளஸ் 2/3 அல்லது பிளஸ் 1 வையுங்கள். ரிசப்ஷனில் மாப்பிள்ளை கறுப்புக் கோட்டில் தனியாக நின்றால் எதிர்ப்பக்கம், மைனஸ் 2/3. இன்னொன்று, சிலருக்கு அந்த முன்வெளிச்சத்துக்கே கண் மூடிவிடும், எத்தனை எடுத்தாலும் கண் மூடியே வரும். அவர்களுக்கு மட்டும் மேனுவலுக்கு மாறினால் முன்வெளிச்சமே இருக்காது.

நீங்களும் நகர்ந்துகொண்டு, ஆட்களும் நகர்ந்துகொண்டு, தூரம் மாறிக்கொண்டே இருக்கிற இடத்தில் டிடிஎல். நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, பந்தி, குழந்தைகள் ஓடுவது எல்லாம் இதில் சேரும். தூரம் மாறாத இடத்தில் மேனுவல், யோசிக்கவே வேண்டாம்.

தாலி கட்டும் நேரத்துக்கு நான் மேனுவல்தான் சொல்வேன். அந்தச் சில விநாடிகளில் கெட்டி மேளம் கேட்டதும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், குறுக்கே கை நீளும், அட்சதை பறக்கும், ஓமப்புகை மேலே வரும், டிடிஎல் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கணக்குச் சொல்லும். அதற்குப் பத்து நிமிடம் முன்பே, தம்பதி உட்கார்ந்த அதே இடத்தில், ஐஎஸ்ஓ 1600, எஃப் 4, பவர் 1/16 என்று வைத்துச் சோதித்துப் பூட்டிவிடுங்கள். 1/16ல் அடித்தால் ஐந்தாறு படம் தொடர்ந்து விட்டாலும் ஃபிளாஷ் கூடவே வரும். முழு பவரில் வைத்திருந்தால் முதல் படத்துக்குப் பிறகு இரண்டு மூன்று விநாடி ரீசைக்கிள் ஆகிக்கொண்டிருக்கும், அதாவது அடுத்த அடிக்கு சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும், அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்திருக்கும்.

குறைந்த பவரில் இன்னொரு லாபம், ஃபிளாஷ் எரிகிற நேரமே விநாடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், காற்றில் இருக்கும் அரிசி ஒவ்வொன்றாக உறைந்து நிற்கும். ஆனால் அதற்கு மண்டபத்து வெளிச்சம் ஃபிளாஷைவிட இரண்டு ஸ்டாப்பாவது குறைவாகப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் உறைந்த அரிசியோடு மங்கலான கோடும் சேர்ந்து வரும். ஷட்டரை 1/200க்கு ஏற்றிப் பின்னணியைக் கொஞ்சம் இறக்குங்கள்.

புகைக்கு நேராக ஒருபோதும் அடிக்காதீர்கள். லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் புகைதான் முதலில் வெளிச்சம் வாங்கி வெள்ளைத் திரையாக நிற்கும், தம்பதி அதற்குப் பின்னால் மங்கிப்போவார்கள். பக்கச் சுவரிலோ, பக்கத்து ஸ்டாண்டிலிருந்தோ வெளிச்சம் வந்தால் அதே புகை படத்துக்கு அழகாகிவிடும்.

நகைக்கும் பட்டுக்கும் இதே விதிதான். தங்கம் தன் எதிரில் இருப்பதைத்தான் காட்டும். நேரடி ஃபிளாஷ் என்றால் ஆரத்தில் சுரீரென்று நாலு வெள்ளைப் புள்ளி, மற்றதெல்லாம் கறுப்பு. பெரிய வெள்ளைச் சுவரிலிருந்து வெளிச்சம் வந்தால்தான் தங்கம் தங்க நிறத்தில் வரும், பட்டின் ஜரிகையும் வெளுக்காமல் இருக்கும்.

ரிசப்ஷன் வரிசை

இரண்டு மூன்று மணி நேரம், ஒரே மேடை, ஒரே இடத்தில் மணமக்கள், குடும்பம் குடும்பமாக மேலே ஏறி வந்து, பரிசு கொடுத்து, நின்று, இறங்கிப் போவார்கள். தூரம் மாறாது, பின்னணி மாறாது. ஃபிளாஷைக் கேமராவிலிருந்து இறக்குவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. மேடைக்கு முன்னால் இரண்டு பக்கமும் லைட் ஸ்டாண்ட், ஒவ்வொன்றிலும் ஒரு ஃபிளாஷும் வெள்ளை அம்பிரல்லாவும், நிற்கிறவர்கள் தலைக்கு மேலே, ஏழெட்டு அடி உயரத்தில். கேமரா மேல் டிரிகர். இரண்டையும் ஒரே பவரில் வைத்தால் மூக்குக்கு இரண்டு பக்கமும் நிழல் விழும், அதனால் ஒன்றை 1/4ல், மற்றதை 1/8ல் வையுங்கள்.

ஸ்டாண்டை ஆட்களுக்குப் பக்கத்தில் வைக்க ஆசை வரும், வெளிச்சம் மென்மையாக இருக்குமே என்று. ஒருவர் இருவருக்கு அது சரி. பத்துப் பேர் குடும்பம் வரிசையாக நிற்கும்போது, ஓரத்தில் இருப்பவர் விளக்கிலிருந்து 2 மீட்டரிலும் மறு ஓரத்தில் இருப்பவர் 4 மீட்டரிலும் இருந்தால், தூரம் இரட்டிப்பு என்பதால் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு, அதாவது இரண்டு ஸ்டாப் வித்தியாசம். பெரியப்பா வெளுத்து, சித்தி கறுத்து வருவார்கள். அதே ஸ்டாண்டை இன்னும் 2 மீட்டர் தள்ளி வைத்தால் 4 மீட்டருக்கும் 6 மீட்டருக்குமான வித்தியாசம் ஒரு ஸ்டாப்பைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கூடவே, இடப்பக்க விளக்கை வலது ஓரத்தில் இருப்பவரைப் பார்த்தும், வலப்பக்க விளக்கை இடது ஓரத்தைப் பார்த்தும் திருப்பிவிட்டால் பக்கத்தில் நிற்பவர் மேல் வெளிச்சத்தின் விளிம்பு மட்டும்தான் படும், வரிசை சமமாக வரும்.

கண்ணாடி போட்டவர்கள் வந்தால் லென்ஸில் அம்பிரல்லா வெள்ளையாகத் தெரியும். ஸ்டாண்டை இன்னும் ஓர் அடி உயர்த்துங்கள், அல்லது அவரை முகத்தைக் கொஞ்சம் கீழே தாழ்த்தச் சொல்லுங்கள், போய்விடும். வியர்வை மினுக்கத்துக்கு ஃபிளாஷில் வைத்தியம் இல்லை, கைக்குட்டைதான்.

டிரிகர் விஷயத்தில் நம் கல்யாணங்களுக்கே உரிய ஒரு கூத்து உண்டு. பெண் வீட்டார் ஒரு போட்டோகிராபர், மாப்பிள்ளை வீட்டார் ஒரு போட்டோகிராபர், இரண்டு பேரிடமும் அதே கம்பெனி டிரிகர், இரண்டும் பெட்டியிலிருந்து வந்த அதே சேனலில். அவர் அமுக்கினால் உங்கள் ஃபிளாஷ் அடிக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ டிரிகர்களில் சேனலை மாற்றலாம், பலவற்றில் அதற்கு மேல் தனி ஐடி எண்ணும் போடலாம். போனதுமே அந்த இன்னொருவரிடம் "எந்த சேனல் அண்ணா?" என்று கேட்டுவிட்டு வேறொன்றை வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஃபிளாஷைப் பார்த்துத் தானும் அடிக்கிற எஸ்1, எஸ்2 ஸ்லேவ் மோடுகளை மண்டபத்தில் நினைத்தே பார்க்க வேண்டாம், யார் அடித்தாலும் அது அடிக்கும்.

வீடியோக்காரரிடமும் ஒரு வார்த்தை பேசி வையுங்கள். பெரும்பாலான வீடியோ கேமராக்களின் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. நடுவில் உங்கள் ஃபிளாஷ் அடித்தால் அவருடைய ஃபிரேமில் பாதி வெள்ளையாகவும் பாதி சாதாரணமாகவும் வரும். தாலி நேரத்தில் எத்தனை படம் விடுவீர்கள் என்று அவருக்குத் தெரிந்தால் அதற்கேற்ப எடிட்டிங்கில் சமாளித்துக்கொள்வார், சண்டை வராது. அவர் கையில் இருக்கும் எல்இடி விளக்கு உங்கள் சுவர் வெளிச்சத்தைக் கெடுக்கும் கோணத்தில் நின்றால், கொஞ்சம் வேறு பக்கம் திருப்பச் சொல்லிக் கேட்கிற உரிமையும் அந்தப் பேச்சில்தான் வரும்.

ஸ்டாண்டின் காலில் எடை கட்டாமல் விடாதீர்கள். மணல் பை இல்லையென்றால் பெரிய தண்ணீர் கேனைக் கட்டுங்கள். அம்பிரல்லா மாட்டிய ஸ்டாண்ட் மண்டபத்து ஃபேன் காற்றுக்கே ஆடும், பிள்ளைகள் ஓடுகிற இடம் வேறு.

நிறம்

ஃபிளாஷ் வெளிச்சம் 5500 கெல்வின் வாக்கில், பகல் நிறம். மேடையின் மஞ்சள் விளக்குகள் 3000 வாக்கில். வைட் பேலன்ஸை (எந்த வெளிச்சத்தை வெள்ளையாகக் காட்டுவது என்ற அமைப்பு) ஃபிளாஷுக்கு வைத்தால் முகம் சரியாக இருக்கும், பின்னணி ஆரஞ்சில் குளித்திருக்கும். கொஞ்சம் ஆரஞ்சு எனக்குப் பிடிக்கும், விளக்கு வைத்த மேடை அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பவன் நான். ரொம்பப் போனால் ஃபிளாஷ் தலையில் அரை ஆரஞ்சு ஜெல் (நிறக் கண்ணாடித்தாள்) ஒட்டினால் அதன் வெளிச்சம் ஏறக்குறைய 3800க்கு இறங்கும், வைட் பேலன்ஸையும் அங்கே கொண்டுவந்துவிடுங்கள். ரிசப்ஷனில் ஊதா, நீலம், ரோஸ் என்று மாறிக்கொண்டே இருக்கும் எல்இடி விளக்குகளுக்கு ஜெல்லால் பயன் இல்லை. அங்கே முகத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் மேலோங்கும்படி வைத்துக்கொண்டு, கலர் பின்னணியோடு நின்றுகொள்ளட்டும் என்று விட்டுவிடலாம்.

வெளியே வந்தால்

உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/200 என்றால் எஃப் 11 தேவைப்படும். கைடு நம்பர் 36ஐ 11ஆல் வகுத்தால் 3.3 மீட்டர், அதுவும் முழு பவரில், நேராக அடித்து. சின்ன ஃபிளாஷ் சூரியனோடு போட்டி போடுகிற எல்லை இதுதான். பின்னணி மங்க வேண்டும் என்று எஃப் 2.8க்குத் திறந்தால் ஷட்டர் 1/3200க்குப் போகும், அதற்கு ஹெச்எஸ்எஸ் வேண்டும். ஹெச்எஸ்எஸ்ஸில் ஃபிளாஷ் ஒரே அடியாக அடிக்காமல் விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டே இருக்கும், பவர் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் விழுந்துவிடும், எட்டும் தூரம் இன்னும் சுருங்கும். தம்பதியை மர நிழலுக்குக் கூட்டிப் போய் எடுப்பது இதைவிடச் சுலபம்.

இரவில் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் வந்தால் மட்டும் ரியர் கர்ட்டன் சிங்க்கைப் போட்டுப் பாருங்கள். ஷட்டர் 1/15, ஃபிளாஷ் கடைசியில் அடிக்கும். சீரியல் விளக்குகளும் தவில் குச்சியும் கோடாக இழுத்து, கோட்டின் முனையில் ஆள் கூர்மையாக நிற்பார். சாதாரண சிங்க்கில் கோடு ஆளுக்கு முன்னால் ஓடி, அவர் பின்னோக்கிப் போகிற மாதிரி இருக்கும்.

செல்

சாதா அல்கலைன் செல் 1.5 வோல்ட், ரீசார்ஜபிள் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட்தான். ஆனாலும் ஃபிளாஷுக்கு ரீசார்ஜபிள்தான் சரி. ஃபிளாஷ் ஒரே நேரத்தில் நிறைய மின்சாரத்தை உறிஞ்சும், அல்கலைன் செல்லின் உள்தடை அதிகம் என்பதால் அவ்வளவு வேகமாகத் தர முடியாது, ரீசைக்கிள் போகப் போக இழுக்கும். நான்கு நான்காக செட் போட்டு எண் எழுதி வையுங்கள், பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். முழு பவரில் விடாமல் அடித்தால் தலை கொதிக்கும், பல மாடல்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது முன்கண்ணாடியைக் கையால் தொட வேண்டாம்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இருக்காது, ஃபிளாஷ் பையிலேயே கிடக்கும். அந்த மாதங்களில் செல்லைக் கழற்றித் தனியாக வையுங்கள், லித்தியம் பேட்டரியாக இருந்தால் பாதி சார்ஜில். மாதம் ஒருமுறை செல் போட்டு, ஆன் செய்து, நாலைந்து முறை அடித்து வைத்தால் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் நல்ல நிலையில் இருக்கும். தை பிறந்ததும் முதல் கல்யாணத்துக்குக் கிளம்பும் முன்பு டிரிகரின் சேனல் எண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.